தோள்பட்டை ஜவ்வு கிழிசல்: ஆபரேஷன் வேண்டுமா, வேண்டாமா? படிப்படியாக ஒரு முழு வழிகாட்டி

எம்ஆர்ஐ ரிப்போர்ட்டில் ‘சுப்ராஸ்பைனேட்டஸ், ஃபுல் திக்னஸ் டேர்’ என்று ஒரு வரி வந்துவிட்டால் போதும். ஒரு வீட்டில் அன்றைக்கே ஆபரேஷனுக்குத் தேதி கேட்கிறார்கள். இன்னொரு வீட்டில் “கத்தியே வேண்டாம்” என்று தைலத்தைத் தேய்த்துக்கொண்டு ஆறு மாதம் கடத்துகிறார்கள். இரண்டு வீட்டிலும் அந்த ஒரு வரியை வைத்தே எல்லாம் முடிவாகிவிடுகிறது. ஜவ்வு எப்படிக் கிழிந்தது, கை இப்போது எதைச் செய்கிறது, எதைச் செய்ய மறுக்கிறது, அந்தக் கையை நம்பி என்ன பிழைப்பு இருக்கிறது என்று யாரும் கேட்பதில்லை. ஆபரேஷன் வேண்டுமா என்பதைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை இந்தக் கேள்விகள்தான்.

கீழே உள்ள படிகளை வரிசையாகவே படியுங்கள். முதல் படியிலேயே உங்களுடையது அவசரமான கிழிசல் என்று தெரிந்தால், மற்ற படிகளைப் படிக்கும் முன் டாக்டரைப் பாருங்கள்.

கிழிவது எது?

தோள் மூட்டில் பந்து பெரியது. அது உட்காரும் குழி சிறியது, ஆழமும் குறைவு. கையை எல்லாப் பக்கமும் சுழற்ற முடிவது அதனால்தான். தோள்பட்டை எலும்பிலிருந்து கிளம்பும் நான்கு தசைகள் இந்தப் பந்தைச் சுற்றிப் பிடித்து, கை உயரும்போது அதைக் குழிக்குள் அழுத்தி வைக்கின்றன. மேலே சுப்ராஸ்பைனேட்டஸ், பின்னால் இன்ஃப்ராஸ்பைனேட்டஸும் டெரிஸ் மைனரும், முன்னால் சப்ஸ்காபுலாரிஸ். தசையை எலும்போடு பிணைக்கும் கயிறு போன்ற பகுதிதான் நாண், பேச்சில் ஜவ்வு என்கிறோம். நான்கின் நாண்களும் சேர்ந்து பந்தின்மேல் ஒட்டும் பட்டைக்கு ரொட்டேட்டர் கஃப், சுருக்கமாகக் கஃப் என்று பெயர். அதிகம் கிழிவது மேலே இருக்கும் சுப்ராஸ்பைனேட்டஸ்.

தோளுக்கு வெளியே திரண்டு தெரியும் தசை டெல்டாய்டு. கையை மேலே தூக்கும் பலத்தில் பெரும்பங்கு அதனுடையது. கஃபில் ஒரு இடத்தில் கிழிந்திருந்தாலும், மீதி நாண்கள் பந்தை நடுவில் நிறுத்திப் பிடித்துக்கொண்டால் டெல்டாய்டு கையைத் தூக்கிவிடும். பயிற்சி பலன் தருவதன் சூட்சுமம் இதுதான். பயிற்சியால் கிழிந்த நாண் போய் எலும்பில் ஒட்டிக்கொள்ளாது. மிச்சம் இருக்கும் தசைகள் அதன் வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன. இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி சொல்லப்போவது எல்லாம் எளிதாகப் புரியும்.

படி 1: அடிபட்டுக் கிழிந்ததா, தேய்ந்து கிழிந்ததா?

மொத்த முடிவில் பாதி இந்த ஒரு கேள்வியில் அடங்கியிருக்கிறது.

பைக்கிலிருந்து விழுந்தது, குளியலறையில் வழுக்கிக் கையை ஊன்றியது, ஓடும் பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கியபோது கை வெடுக்கென்று இழுபட்டது, கனமான மூட்டையைப் பிடிக்கப்போய் ‘பளீர்’ என்று வலித்தது, தோள் கழன்று மறுபடி பொருத்தப்பட்டது. இப்படி ஒரு சம்பவம் நடந்து, அதற்கு முன்தினம் வரை நன்றாக உயர்ந்த கை அதற்குப் பிறகு உயரவில்லை என்றால், அது அடிபட்டுக் கிழிந்த வகை. நாற்பது வயதைத் தாண்டியவருக்குத் தோள் கழன்றிருந்தால், மூட்டைப் பொருத்தியதோடு விட்டுவிடக் கூடாது. அந்த வயதில் கழலும்போதே கஃபும் கிழிந்திருக்க வாய்ப்பு அதிகம்.

நம் ஊரில் காலம் வீணாகும் இடம் இங்கேதான் என்பதால் விரிவாகவே சொல்கிறேன். விழுந்தவருக்கு எக்ஸ்ரே எடுக்கிறார்கள். “எலும்பு முறியவில்லை, ஒன்றும் இல்லை” என்று மாத்திரை கொடுத்து அனுப்புகிறார்கள். எக்ஸ்ரேயில் நாண் தெரியாது. வீட்டில் கட்டுப் போடுகிறார்கள், எண்ணெய் போட்டு நீவுகிறார்கள். வலி மெல்லக் குறைகிறது. கை மட்டும் உயரவில்லை. வலி குறைந்ததே குணமானதற்கு அடையாளம் என்று எடுத்துக்கொள்கிறார்கள். மூன்று நான்கு மாதம் கழித்து ஸ்கேன் எடுக்கும்போது, எலும்பிலிருந்து பிய்ந்த நாண் உள்ளே சுருங்கிப் பின்வாங்கியிருக்கிறது. இழுக்க வேலை இல்லாத தசை மெலிந்து, அதற்குள் கொழுப்புப் படியத் தொடங்கியிருக்கிறது. இப்படிப் படிந்த கொழுப்பு, பிறகு தைத்தாலும் பெரும்பாலும் திரும்புவதில்லை.

ஆகவே இதை விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள். விழுந்து இரண்டு வாரம் ஆகியும் கையைத் தானாகத் தோள் உயரத்துக்குத் தூக்க முடியவில்லை என்றால், எக்ஸ்ரே நன்றாக இருந்தாலும் சரி, தோள் அல்ட்ராசவுண்ட் அல்லது எம்ஆர்ஐ எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். நல்ல உடல்நிலையில் இருப்பவருக்கு அடிபட்டு முழுதாகக் கிழிந்திருந்தால் சில வாரங்களுக்குள் தைப்பதே நல்லது. மூன்று மாதத்தைத் தாண்டவிடாதீர்கள். முன்புற நாணான சப்ஸ்காபுலாரிஸ் அடிபட்டுக் கிழிந்திருந்தால் இன்னும் சீக்கிரம்.

தேய்ந்து கிழிந்த வகை வேறு மாதிரி. குறிப்பிட்ட நாள் எதையும் சொல்ல முடியாது. “ஒரு வருஷமாகவே கொடியில் துணி போடும்போது வலிக்கிறது, அந்தப் பக்கம் திரும்பிப் படுக்க முடியவில்லை” என்பார்கள். இதற்கு அவசரம் இல்லை. யோசிக்க நேரம் இருக்கிறது.

இரண்டும் கலந்ததும் உண்டு. அறுபது வயதில் ஏற்கெனவே தேய்ந்திருந்த நாண், ஒரு சின்னத் தடுக்கலில் பெரிதாகக் கிழியும். “சின்ன அடிதானே” என்று எண்ணாமல், அடிக்கு முன் கை எப்படி இருந்தது, பின் எப்படி இருக்கிறது என்று ஒப்பிட்டுப் பாருங்கள். திடீரென்று பலம் போயிருந்தால் அடிபட்ட வகையாகவே நடத்த வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. இடது தோள் வலியோடு நெஞ்சு அழுத்தம், வியர்வை, மூச்சுத்திணறல் இருந்தால் அது தோள் பிரச்சினை என்று உட்கார்ந்திருக்காதீர்கள். உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். காய்ச்சலோடு தோள் சிவந்து வீங்கியிருந்தாலும் அன்றைக்கே காட்ட வேண்டும்.

படி 2: வலியா, பலவீனமா, இறுக்கமா?

“கை தூக்க முடியவில்லை” என்று எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள். அதற்குள் மூன்று வேறு விஷயங்கள் இருக்கின்றன. மூன்றுக்கும் வைத்தியம் வேறு.

மல்லாந்து படுத்துக்கொள்ளுங்கள். வீட்டில் ஒருவர் உங்கள் கையை மெதுவாக, வலி தாங்கும் அளவுக்கு மட்டும் தலைக்கு மேல் கொண்டுபோகட்டும். அவர் தூக்கினால் முழுவதும் போகிறது, நீங்களாகத் தூக்கினால் போகவில்லை என்றால் அது பலவீனம் அல்லது வலி. அவர் தூக்கினாலும் ஒரு இடத்தில் சுவரில் முட்டியது போல நின்றுவிடுகிறது என்றால் அது இறுக்கம்.

அடுத்து, முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, 90 டிகிரி மடக்கி, முன்கையை வெளிப்பக்கம் திருப்புங்கள். வலிக்காத கை எவ்வளவு திரும்புகிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள். வலிக்கிற கையை இன்னொருவர் திருப்பினாலும் பாதிகூடப் போகவில்லை என்றால், அங்கே முதல் சந்தேகம் ஃப்ரோசன் ஷோல்டர், அதாவது தோள் உறைவு. மூட்டுத் தேய்மானத்திலும் இப்படி ஆகும். அதை எக்ஸ்ரே சொல்லிவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள். தோள் உறைவு சர்க்கரை நோயாளிகளுக்கு மற்றவர்களைவிடப் பல மடங்கு அதிகம் வருகிறது. நாற்பதுகளிலும் ஐம்பதுகளிலும் இருக்கும் ஒருவருக்குத் தோள் உறைந்து வலிக்கும்போது எம்ஆர்ஐ எடுத்தால், வயதோடு வந்த ஒரு பகுதிக் கிழிசலும் கூடவே தெரியக்கூடும். வலிக்குக் காரணம் உறைவு. பழி விழுவது கிழிசல்மேல். உறைந்த தோளில் கிழிசலைத் தைத்து ஆறு வாரம் அசையாமல் வைத்தால் இறுக்கம் இன்னும் மோசமாகலாம். பெரும்பாலும் முதலில் உறைவைத் தளர்த்திவிட்டு, பிறகும் தொந்தரவு இருந்தால்தான் கிழிசலைப் பற்றி யோசிப்பார்கள்.

கழுத்தையும் மறக்க வேண்டாம். கஃப் வலி வழக்கமாகத் தோளின் வெளிப்புறம், மேல்கையின் பக்கவாட்டில் இருக்கும். முழங்கையைத் தாண்டுவது அரிது. விரல் நுனி வரை மரத்துப்போகிறது, கழுத்தைத் திருப்பினால் வலி கைக்குள் பாய்கிறது என்றால் கழுத்து நரம்பைப் பார்க்க வேண்டும்.

பலவீனம்தான் என்று தோன்றினால் இரண்டு சோதனைகளை டாக்டர் செய்வார். முன்கையை வெளிப்பக்கம் திருப்பி வைத்துவிட்டு விடுவார். நீங்கள் பிடித்து நிறுத்த முடியாமல் அது உள்ளே திரும்பி வந்துவிட்டால் பின்பக்க நாண்கள் பெரிதாகக் கிழிந்திருக்கின்றன. உள்ளங்கையை வயிற்றின்மேல் வைத்து, முழங்கையை முன்னால் தள்ளியபடி அழுத்தச் சொல்வார். முழங்கை பின்னால் போய்விட்டால் முன்பக்க நாணில் கோளாறு. தோளைத் தொட்டுப் பார்க்காமல், ரிப்போர்ட்டை மட்டும் புரட்டிவிட்டு ஆபரேஷன் என்று ஒருவர் சொன்னால் இன்னொருவரிடமும் காட்டுங்கள். சட்டையைக் கழற்றி இரண்டு தோளையும் ஒப்பிட்டுப் பார்க்காத பரிசோதனை முழுமையான பரிசோதனை ஆகாது.

படி 3: ரிப்போர்ட்டைப் பயப்படாமல் படியுங்கள்

கிழிசல் என்ற சொல்லைப் பார்த்துப் பதறும் முன் ஒரு தகவல். ஜப்பானில் ஒரு மலைக்கிராமத்தில் 683 பேரின் இரண்டு தோள்களையும் அல்ட்ராசவுண்டில் பார்த்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஏறத்தாழ ஐந்தில் ஒரு தோளில் முழுத்தடிமக் கிழிசல் (ஃபுல் திக்னஸ் டேர்) இருந்தது. எந்தத் தொந்தரவும் சொல்லாத தோள்களிலும் சுமார் 17 சதவீதத்தில் அது இருந்தது. அமெரிக்காவில் 1995-இல் வெளியான இன்னோர் ஆய்வில், தோள் வலியே இல்லாத 96 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்தார்கள். அறுபது வயதைத் தாண்டியவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்குப் பகுதியாகவோ முழுதாகவோ கிழிசல் இருந்தது. வயதானால் தலை நரைப்பதுபோல நாணும் நைகிறது. கிழிசல் இருப்பதாலேயே வலி அதனால்தான் என்று ஆகிவிடாது.

ரிப்போர்ட்டில் நீங்கள் தேட வேண்டியவை:

‘டென்டினோசிஸ்’ என்றால் நாண் நைந்திருக்கிறது, கிழியவில்லை. ஆபரேஷன் பேச்சுக்கே இடமில்லை.

‘பார்ஷியல்’ என்றால் நாணின் தடிமனில் ஒரு பகுதி மட்டும் கிழிந்திருக்கிறது. நாண் சுமார் ஒரு சென்டிமீட்டருக்குச் சற்று மேல் அகலத்தில் எலும்பில் ஒட்டியிருக்கும். அதில் பாதிக்குக் கீழே என்றால் பெரும்பாலும் பயிற்சி போதும். பாதிக்கு மேல் கிழிந்து, மாதக்கணக்கில் ஒழுங்காகப் பயிற்சி செய்தும் வலி அடங்கவில்லை என்றால் யோசிக்கலாம்.

‘ஃபுல் திக்னஸ்’ என்பதைத்தான் நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். நாண் முழுவதும் அறுந்து தொங்குகிறது என்று அதற்குப் பொருள் இல்லை. மேல்புறத்திலிருந்து அடிப்புறம் வரை ஊடுருவிய ஓட்டை என்றுதான் பொருள். அந்த ஓட்டை அரை சென்டிமீட்டராகவும் இருக்கலாம், ஐந்து சென்டிமீட்டராகவும் இருக்கலாம். அதனால் அளவைப் பாருங்கள். ஒரு சென்டிமீட்டருக்குக் கீழே சிறியது, 1 முதல் 3 வரை நடுத்தரம், 3 முதல் 5 வரை பெரியது, 5-க்கு மேல் மிகப் பெரியது என்பது டாக்டர்கள் பல ஆண்டுகளாகப் பயன்படுத்தும் கணக்கு.

அடுத்தது ‘ரிட்ராக்‌ஷன்’: கிழிந்த நுனி எவ்வளவு தூரம் பின்வாங்கியிருக்கிறது என்பது. எலும்புக்குப் பக்கத்திலேயே இருந்தால் தைப்பது எளிது. குழியின் விளிம்பு வரை போய்விட்டால் இழுத்து ஒட்டவைப்பது கடினம்.

பிறகு தசை. ‘ஃபேட்டி இன்ஃபில்ட்ரேஷன்’ அல்லது ‘கூட்டாலியே’ என்ற பெயரோடு 0 முதல் 4 வரை ஓர் எண் இருக்கும். தசையும் கொழுப்பும் சரிபாதி என்றால் 3. கொழுப்பே அதிகம் என்றால் 4. மூன்றோ நான்கோ ஆகிவிட்டால் தைத்த நாண் ஒட்டிக்கொள்ளும் வாய்ப்பும், பலம் திரும்பும் வாய்ப்பும் வெகுவாகக் குறைகின்றன. என் பார்வையில் ரிப்போர்ட்டிலேயே அதிகம் கவனிக்க வேண்டிய வரி இதுதான். ஓட்டையின் அளவைவிட, தைத்தால் பலன் உண்டா என்பதை இது நன்றாகச் சொல்கிறது. ரிப்போர்ட்டில் இது இல்லை என்றால் டாக்டரிடம் படத்தைப் பார்த்துச் சொல்லக் கேளுங்கள்.

சாதாரண எக்ஸ்ரேயும் கட்டாயம் வேண்டும். பந்துக்கும் மேலே இருக்கும் எலும்புக் கூரைக்கும் இடைவெளி 7 மில்லிமீட்டருக்குக் கீழே போயிருந்தால், கஃப் பெரிதாகக் கிழிந்து பந்து மேலே ஏறிவிட்டது என்று சந்தேகிப்பார்கள். அனுபவம் உள்ளவர் செய்யும் அல்ட்ராசவுண்டில் கிழிசல் இருக்கிறதா என்பது எம்ஆர்ஐ அளவுக்கே தெரியும், செலவும் குறைவு. ஆபரேஷனைத் திட்டமிடும்போது எம்ஆர்ஐ தேவைப்படும்.

படி 4: உங்கள் வயது, உங்கள் வேலை, உங்கள் சர்க்கரை

ஒரே கிழிசல் இரண்டு பேருக்கு இரண்டு முடிவு தரும்.

ஐம்பது வயதுப் பெயிண்டருக்கு வலது தோளில் இரண்டு சென்டிமீட்டர் முழுத்தடிமக் கிழிசல். தசை நன்றாக இருக்கிறது. அவர் இன்னும் பத்துப் பதினைந்து வருடம் தலைக்கு மேல் கையைத் தூக்கி வேலை செய்ய வேண்டும். கிழிசல் தானாக மூடிக்கொள்ளாது. பெரிதாகும் வாய்ப்பு உண்டு. வலியில்லாத கிழிசல் உள்ள 224 பேரைப் பல ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த அமெரிக்க ஆய்வில், கிட்டத்தட்டப் பாதிப் பேருக்குக் கிழிசல் பெரிதானது. முழுத்தடிமக் கிழிசல்களில் இன்னும் அதிகம். இவருக்கு, தைக்க முடிகிற காலத்திலேயே தைப்பது பற்றித் தீவிரமாகப் பேச வேண்டும்.

எழுபத்திரண்டு வயதுப் பாட்டிக்கு அதே இரண்டு சென்டிமீட்டர். சமைக்கிறார், தலை வாருகிறார், இரவில் கொஞ்சம் வலி. இந்த வயதில் தைத்த நாண் எலும்பில் ஒட்டாமல் போகும் வாய்ப்பு அதிகம். பயிற்சியிலேயே பெரும்பாலும் காலம் தள்ளிவிடலாம்.

கூலி வேலை செய்பவர்கள் விஷயத்தில் ஒன்றை யாராவது வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆபரேஷன் செய்தால் மூட்டை தூக்கும் வேலைக்கு ஆறு மாதமாவது திரும்ப முடியாது. அந்த ஆறு மாதம் வீடு எப்படி ஓடும் என்பது மருத்துவக் கேள்விக்குச் சமமான கேள்வி. அதைப் பேசாமல் தைத்து அனுப்பினால், ஆறாவது வாரமே அவர் வேலைக்குப் போவார், தையல் பிய்யும்.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும், பீடி சிகரெட் பழக்கம் உள்ளவருக்கும் நாண் ஒட்டுவது தாமதமாகும், தொற்று அபாயமும் கூடும். மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி 8-க்கு மேல் இருந்தால், அவசரமில்லாத ஆபரேஷனைத் தள்ளிவைத்து முதலில் அதை இறக்குவது நல்லது.

படி 5: தேய்மானக் கிழிசலுக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சி

அடிபடாமல் வந்த கிழிசலுக்கு முதல் வைத்தியம் இதுதான். “பிசியோ எல்லாம் சும்மா” என்று நினைப்பவர்களுக்காகச் சில எண்கள். அமெரிக்காவில் அடிபடாமல் வந்த முழுத்தடிமக் கிழிசல் உள்ள 452 பேருக்குப் பயிற்சி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2013-இல் வெளியானது. இரண்டு ஆண்டில் நான்கில் ஒருவருக்கும் குறைவாகவே ஆபரேஷனுக்குப் போனார்கள். போனவர்களில் பெரும்பாலோர் முதல் மூன்று மாதத்திலேயே போய்விட்டார்கள். பின்லாந்தில் 55 வயதைத் தாண்டியவர்களின் 180 தோள்களைப் பயிற்சி மட்டும், பயிற்சியோடு பந்துக்கு மேலே இருக்கும் கூரை எலும்பைச் சீவுதல், அவற்றோடு தையலும் என்று மூன்றாகப் பிரித்துப் பார்த்தார்கள். ஐந்து ஆண்டு கழித்தும் மூன்று பிரிவுக்கும் சொல்லிக்கொள்ளும்படியான வித்தியாசம் இல்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். நார்வேயில் மூன்று சென்டிமீட்டர் வரை கிழிந்த 103 பேரைப் பத்து ஆண்டு தொடர்ந்தார்கள். தோளின் வலியையும் செயல்திறனையும் அளக்கும் மதிப்பெண்ணில் தைத்தவர்கள் 100-க்குச் சுமார் 10 புள்ளி முன்னால் இருந்தார்கள். ஆண்டுகள் போகப் போக அந்த இடைவெளி கூடியது. பயிற்சிப் பிரிவில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் பிறகு ஆபரேஷன் செய்துகொண்டார். பின்லாந்து ஆய்வில் இருந்தவர்கள் வயதில் கூடியவர்கள், கிழிசல் சிறியது. அதையும் இதையும் சேர்த்து நான் எடுத்துக்கொள்வது இது: வயது கூடக் கூட, கிழிசல் சிறிதாக இருக்க இருக்க, பயிற்சியே போதும்; இளையவர், உழைப்பாளி, நடுத்தரக் கிழிசல் என்றால் தையலின் பக்கம் தராசு சாய்கிறது.

பயிற்சி என்றால் என்ன? மெஷினை வைத்துப் பத்து நிமிடம் சூடு கொடுத்து அனுப்புவது பயிற்சி ஆகாது. உங்கள் தசை உழைக்க வேண்டும். முதல் இரண்டு மூன்று வாரம் அசைவை மீட்பது: குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெல்ல ஆட்டுவது, மேசையில் துணி விரித்து அதன்மேல் கையை முன்னே வழுக்கவிடுவது, படுத்துக்கொண்டு நல்ல கையின் துணையோடு கோலைப் பிடித்து மேலே தூக்குவது. பிறகு தோள்பட்டை எலும்புகளைப் பின்னால் சேர்த்து இழுப்பது, ரப்பர் பட்டையைப் பிடித்து முன்கையை வெளியேயும் உள்ளேயும் திருப்புவது. பெரிய கிழிசல் உள்ளவர்கள் மல்லாந்து படுத்தே கையைத் தூக்கிப் பழக வேண்டும். சுலபமானதும் தலைப்பக்கம் தலையணை வைத்துச் சாய்வைக் கூட்டி, கடைசியில் உட்கார்ந்து, நின்று தூக்குவது. முன்பக்க டெல்டாய்டைப் பழக்கும் இந்த முறையில், தோள் உயரத்துக்குக்கூடத் தூக்க முடியாத முதியவர்கள் சிலர் மறுபடி தலைக்கு மேல் தூக்கியிருக்கிறார்கள்.

செய்யும்போது கொஞ்சம் வலிக்கலாம். மறுநாள் காலைக்குள் அடங்கிவிட்டால் சரி. அடங்கவில்லை என்றால் அளவைக் குறையுங்கள். கையைப் பிடித்து வெடுக்கென்று இழுக்கும் நீவல் கூடவே கூடாது.

இரவு வலி தூங்கவிடாமல் பயிற்சியையே தடுத்தால் ஒரு ஸ்டீராய்டு ஊசி உதவும். பலன் வாரக்கணக்கில்தான், அந்த அவகாசத்தில் பயிற்சியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சர்க்கரை நோயாளிகளுக்கு ஊசிக்குப் பின் சில நாள் சர்க்கரை ஏறும், தினம் பாருங்கள். திரும்பத் திரும்பப் போட்டால் நாண் பலவீனமாகும். ஆபரேஷன் நிச்சயம் என்று தெரிந்திருந்தால் அதற்கு முந்தைய மூன்று மாதத்தில் ஊசி வேண்டாம். தொற்று அபாயம் உண்டு. வலி மாத்திரைகளைச் சிறுநீரகம், வயிற்றுப்புண், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் மருந்துக்கடையில் தாமாக வாங்கித் தொடரக் கூடாது.

ஒரு நோட்டில் வாரம் ஒரு முறை நான்கு விஷயங்களை எழுதுங்கள்: இரவில் வலியால் எத்தனை தடவை விழிப்பு, கை எந்த உயரம் வரை போகிறது, எந்த வேலையைச் செய்ய முடியவில்லை, வலி பத்துக்கு எவ்வளவு. ஆறாம் வாரமும் பன்னிரண்டாம் வாரமும் அதைக் காட்டி முடிவெடுங்கள். நினைவை நம்பினால், டாக்டரைப் பார்க்கிற அன்றைய வலிதான் முடிவெடுக்கும்.

படி 6: ஆபரேஷன் என்றால் எதற்கு, எதற்கு அல்ல

தைக்கலாம் என்று சாய வேண்டிய நிலைகள்: அடிபட்டுத் திடீரென்று பலம் போன முழுத்தடிமக் கிழிசல்; அறுபது வயதுக்குக் கீழே, நல்ல தசையோடு, உழைக்கும் கையில் நடுத்தரக் கிழிசல்; மூன்று மாதம் உண்மையாகவே பயிற்சி செய்தும் தூக்கமும் வேலையும் திரும்பாதவர்; கண்காணிப்பில் கிழிசல் பெரிதாகி வருபவர்.

சாயக் கூடாத நிலைகள்: வலியே இல்லாமல் தற்செயலாக ஸ்கேனில் தெரிந்தது, உறைந்த தோள், கொழுப்பு 3, 4 என்று போய்விட்ட தசை, கையை அசைக்காமல் வைத்திருக்கவோ பயிற்சிக்கு வரவோ முடியாதவர்.

எலும்பை மட்டும் சீவி இடம் விடும் ஆபரேஷனைத் தனியாக எழுதிக் கொடுத்தால் கேள்வி கேளுங்கள். கிழிசல் தைக்காமல் இதை மட்டும் செய்வதை, பிரிட்டனிலும் பின்லாந்திலும் 2018-இல் வெளியான ஆய்வுகள் போலி ஆபரேஷனோடு ஒப்பிட்டுப் பார்த்தன. உள்ளே கருவியை விட்டுப் பார்த்துவிட்டு எதையும் சீவாமல் மூடியவர்களைவிடச் சீவியவர்களுக்குக் குறிப்பிடும்படியான கூடுதல் பலன் இல்லை.

தைப்பது இப்போது பெரும்பாலும் ஆர்த்ரோஸ்கோபியில், சிறு துளைகள் வழியே நடக்கிறது. எலும்பில் ஆங்கர் என்ற சிறு ஆணியைப் பதித்து, அதன் நூலால் நாணை எலும்போடு இறுக்குகிறார்கள். திறந்து செய்வதற்கும் துளை வழியே செய்வதற்கும் இரண்டு ஆண்டு முடிவில் வித்தியாசம் இல்லை என்று 2017-இல் வெளியான பிரிட்டன் ஆய்வு காட்டியது. ஆகவே முறையைவிட, அந்த டாக்டருக்கு எது நன்றாகக் கைவந்திருக்கிறது என்பதைப் பாருங்கள். அதே ஆய்வில் ஸ்கேன் எடுத்துப் பார்த்தபோது ஏறத்தாழ 40 சதவீதத் தையல்கள் ஒட்டாமலோ மறுபடி கிழிந்தோ இருந்தன. அவர்களிலும் பலருக்கு வலி முன்பைவிடக் குறைந்திருந்தது, ஒட்டியவர்கள் அளவுக்கு இல்லாவிட்டாலும். இந்த எண்ணைச் சொல்லாமல் ‘நூறு சதவீதம் குணம்’ என்று யாராவது வாக்குக் கொடுத்தால் நம்ப வேண்டாம்.

தைக்க முடியாத அளவுக்குப் போய்விட்டால் வேறு வழிகள் உண்டு: வேறிடத்துத் தசைநாணை மாற்றிப் பொருத்துவது, மூட்டும் தேய்ந்த முதியவருக்கு பந்தையும் குழியையும் இடம் மாற்றி வைக்கும் ரிவர்ஸ் மூட்டு மாற்று. தோளுக்குள் பலூன் வைக்கும் முறையைப் பிரிட்டனில் சோதித்து 2022-இல் வெளியிட்டபோது, பலூன் வைக்காதவர்களே மேலாக இருந்தார்கள்.

படி 7: தேதி வாங்கும் முன் கேட்க வேண்டியவை

என் கிழிசலின் அளவு என்ன, எவ்வளவு பின்வாங்கியிருக்கிறது, தசையில் கொழுப்பு எந்த நிலை? என் வயதில் இது ஒட்டும் வாய்ப்பு எவ்வளவு? மூன்று மாதம் காத்திருந்தால் எதை இழப்பேன்? உள்ளே போய்ப் பார்த்து, தைக்க முடியவில்லை என்றால் என்ன செய்வீர்கள்? மேல்கையின் முன்பக்கத் தசையான பைசெப்ஸின் நாணை வெட்டிவிடும் திட்டம் உண்டா? எத்தனை ஆங்கர், ஒன்று என்ன விலை, காப்பீட்டில் எது வராது? செலவில் கணிசமான பகுதி ஆங்கரில் இருப்பதால் இதை எழுத்தில் வாங்குங்கள். பிசியோவுக்கு வீட்டுக்கு அருகில் யாரிடம் போவது? வாரம் இரண்டு முறை அறுபது கிலோமீட்டர் பயணம் என்றால் பலரால் தொடர முடிவதில்லை.

பிறகு வீட்டில் உட்கார்ந்து இந்தக் கணக்கைப் போடுங்கள். நான்கு முதல் ஆறு வாரம் தூளியில் கை. அதுவரை நீங்களாகக் கையைத் தூக்கக் கூடாது. குளிக்க, உடுக்க, சாப்பாடு பிசைய இன்னொருவர் வேண்டும். முன்பக்கம் திறக்கும் சட்டை, நைட்டி எடுத்து வையுங்கள். படுக்க முடியாது, சில வாரம் சாய்ந்தே தூங்க வேண்டும். ஆறு வாரத்துக்குப் பின் தானாக அசைப்பது, பன்னிரண்டு வாரத்துக்குப் பின் பலப் பயிற்சி. பைக் ஓட்ட மூன்று மாதம் ஆகும். கன வேலைக்கு ஆறு மாதம், முழுப் பலனுக்கு ஒரு வருடம்கூட ஆகலாம். மகளின் கல்யாணம், அறுவடை, மகனின் பரீட்சை எந்த மாதம் என்று பார்த்துத் தேதி வையுங்கள். தேய்மானக் கிழிசலுக்கு அந்த அவகாசம் உண்டு.

படி 8: வேண்டாம் என்று முடிவெடுத்தால்

ஆபரேஷன் வேண்டாம் என்றால் கவனிப்பே வேண்டாம் என்று ஆகாது. பயிற்சியை வாரம் மூன்று நாளாவது தொடருங்கள். முழுத்தடிமக் கிழிசல் உள்ள, அறுபத்தைந்துக்குக் கீழான எவரும் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் மறுபடி அல்ட்ராசவுண்ட் பாருங்கள். பழைய ஸ்கேனையும் எடுத்துப் போங்கள். முடிந்தவரை அதே இடத்தில், அதே அளவுமுறையில் எடுத்தால்தான் ஒப்பிட முடியும். ஒரு தோளில் கிழிசல் உள்ளவருக்கு மற்றத் தோளிலும் இருப்பது சகஜம் என்பதால் பயிற்சியை இரண்டு கைக்கும் செய்யுங்கள்.

அடங்கியிருந்த வலி திடீரென்று கூடினால், நேற்றுவரை அலமாரியின் மேல் தட்டை எட்டிய கை இன்று எட்டவில்லை என்றால், ஆறு மாதத் தேதி வரட்டும் என்று இருக்காமல் அந்த வாரமே போய்க் காட்டுங்கள்.